ஈரம் தங்காத அறை

குடலுக்குள்ளிருந்து எடுத்த துணி காய்ந்திருந்தது.

பிராணிகள் மருத்துவமனை நர்ஸான அவள் எத்தனையோ வயிறுகளைப் பார்த்தவள். காலுறை, பொம்மையின் கை, நூலோடு சேர்ந்த ஊசி, பாதிப் பந்து, ஒருமுறை வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடி என்று நாயும் பூனையும் விழுங்கியது எதுவானாலும் வழவழவென்று, பச்சையும் மஞ்சளுமாகக் கோழை சுற்றிக்கொண்டு, முகக்கவசத்தைத் தாண்டி மூக்கில் ஏறும் வாடையோடுதான் தட்டில் வந்து விழும். இந்தத் துணி விழுந்தபோது சத்தம் கேட்டது. வெயிலில் நாளெல்லாம் கிடந்த சருகு தரையில் உரசுகிற மாதிரி, மொடமொடவென்று.

"டாக்டர், இதைப் பாருங்களேன்."

"பார்த்துட்டேன் அக்கா. கைத்துண்டு." டாக்டர் அவளைவிட இளையவர். பேச்சும் கையும் ஒரே வேகத்தில் ஓடும் பெண். குடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பிஞ்சு பிஞ்சு வராம முழுசா வந்துதே, அதுவே பெரிசு."

"காஞ்சு இருக்கு."

"என்னது?"

"ஈரமே இல்ல."

"அந்த இடத்துல குடலே செத்துப்போச்சு. நீர் எங்கேருந்து ஊறும்? கத்தரியக் குடுங்க."

கொடுத்தாள். கறுத்துப்போயிருந்த பகுதியை டாக்டர் வெட்டி எடுத்து, நல்ல குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். அதன்பின் வெதுவெதுப்பான உப்புநீரை வயிற்றுக்குள் ஊற்றி அலச வேண்டும். ஊற்றுவது அவள் வேலை, உறிஞ்சுகுழாயைப் பிடிப்பது டாக்டர். அவள் ஊற்றினாள். இன்னொரு புட்டியைத் திறந்து ஊற்றினாள். காலி டம்ளரில் ஸ்ட்ரா இழுப்பதுபோல் குழாய் வறட்டுச் சத்தம் போட்டது. சுவரோரம் இருந்த கண்ணாடி ஜாடியில், உறிஞ்சிய நீர் சேர வேண்டிய இடத்தில், விரல் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. டாக்டர் குழாயை ஒரு தட்டு தட்டினார். "அடைச்சுக்கிச்சு போல. இதையும் மாத்தச் சொல்லணும்," என்றார். வயிற்றை மூடினார்கள்.

நாயின் பெயர் உருண்டை. பழுப்பு நிறம், அகன்ற மார்பு, கட்டை வால். அந்தப் பிராணிகள் மருத்துவமனையில் வருகிறவர்களுக்கு அவரவர் பிராணியின் பெயர்தான் பெயர்; ஆகவே வரவேற்பறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்மணி உருண்டையம்மா ஆகியிருந்தார். அவளுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. கறார் சிஸ்டர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொல்வார்கள், துணிச்சல் இருக்கிறவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஒரு வாய்தானே, ஒரு பிஸ்கட்தானே என்று கெஞ்சும் வீட்டுக்காரர்கள் யாரிடமும் அவள் மசிந்ததில்லை. குடலில் போட்ட தையல் ஒட்டுவதற்கு முன்னால் ஒருவர் காட்டும் பாசம், நாயைக் கொன்றுவிடும். அதைப் பார்த்திருக்கிறாள்.

ஆபரேஷன் முடிந்தவற்றை வைக்கும் அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. இரண்டு அடுக்காகக் கூண்டுகள், ஒரு ஜன்னல், ஒரு கைகழுவும் தொட்டி. வெளியே ஒரு வாரமாக விடாத மழை. கட்டடம் முழுக்க ஈரம் ஏறிக் கிடந்தது. சுவர்ச் சுண்ணாம்பு கொப்புளித்திருந்தது, பஞ்சு நமுத்திருந்தது, கதவுகள் உப்பி, இழுத்தால் அழுதன. அந்த அறையில் மட்டும் அன்று மாலையிலிருந்து ஈரம் இல்லை.

முதலில் அதைச் சொன்னது ரேடியோ அண்ணன். தரை துடைப்பவர். வாயை மூடாததால் அந்தப் பெயர். "சிஸ்டர், என் கைராசியப் பாத்தீங்களா? இந்த மூலையிலேருந்து அந்த மூலைக்குத் தொடச்சுட்டுப் போறதுக்குள்ள, பின்னாலயே காஞ்சுக்கிட்டு வருது. மத்த அறையில தொடச்சா மறுநாள் வரைக்கும் வழுக்குது."

"ஃபேன் ஓடுதில்ல."

"ஃபேன் எங்க ஓடுது?" அண்ணன் மேலே காட்டினார். ஓடவில்லை. நாய்க்குக் குளிரக் கூடாதென்று அவளேதான் நிறுத்தியிருந்தாள்.

அவள் தன் வேலையில் குனிந்தாள். உருண்டை மயக்கம் தெளிந்து, கழுத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் கூம்புக்குள் முகத்தைப் புதைத்துப் படுத்திருந்தது. காலில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கம்பளியை இழுத்துவிட்டாள். ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி, வெளுத்த இடத்தில் மறுபடி ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தாள். பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, மயிர் மழித்த வயிற்றில் வைத்தாள். குடலைத் தொட்டு வெட்டிவிட்டால் அது கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடும் என்பது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் விளக்கம். கோபம் தீர்ந்து முதலில் ஒரு 'குளுக்' கேட்டால் அதைவிட நல்ல செய்தி இல்லை. அதுவரை மௌனம்தான்.

மௌனமாகத்தான் இருந்தது. எடுக்கப் போனாள். அப்போது மிக மெல்லிய ஒரு சத்தம். குடலின் சத்தம் இல்லை. அதில் ஈரமே இல்லை. ஒட்டிக்கொண்ட நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரியும் சத்தம்.

'ச்'.

காதிலிருந்து கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். எதுவும் இல்லை. நாய் தலையைத் தூக்கித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. காதுகள் பின்னுக்கு மடிந்திருந்தன. வலியில் வயிற்றைத் திரும்பிப் பார்க்கும் நாய்கள் உண்டு. இது வலி இல்லை. வாசலில் முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்கும்போது நாய்கள் அப்படிப் பார்க்கும்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் உருண்டையம்மா வந்தார். நாற்பது இருக்கும். அயர்ன் செய்த புடவை, சீவாத தலை. கூண்டின் முன் தரையிலேயே உட்கார்ந்து கம்பிகளுக்கிடையே விரலை விட்டார். நாய் விரலை நக்கவில்லை, மோந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடியது.

"உங்க வீட்டுக்காரர் வரலைங்களா?" என்று அவள் கேட்டாள்.

"வெளியில வண்டியில உக்காந்திருக்கார். ஆஸ்பத்திரி வாடை அவருக்கு ஆகறதில்ல இப்பல்லாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் துணிய என்ன பண்ணுனீங்க?" என்றார்.

"எரிக்கிற பையில போட்டாச்சு. நீங்க வேணும்னு சொல்லலையே."

"வேணாம். எங்க வாலோடது அது." அவள் புரியாமல் பார்க்கவும், "என் பொண்ணு," என்றார். "சரியான வாலு. இவனுக்குப் பேரு வெச்சதும் அவதான். நாய்க்கு வால் கட்டையாப் போனது ஏன்னா, மிச்ச வாலு பொண்ணுக்கு வந்துடுச்சுன்னு அவங்க அப்பா சொல்வார்." சிரிப்பு வந்து, பாதியில் திசை தெரியாமல் நின்றது. "அவளுக்கும் குடல்தாங்க. சுத்திக்கிச்சுன்னாங்க. அறுத்து ஒட்டுனாங்க, இவனுக்கு மாதிரியே. கண்ணு முழிச்சதும் தண்ணி கேட்டா. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. கேட்டுக்கிட்டே இருந்தா. நான் அந்தத் துண்டை நனைச்சு நெத்தியத் தொடப்பேன். லபக்குனு வாயில கவ்விக்கிட்டு உறிஞ்சுவா. கள்ளி. நர்ஸம்மா பாத்துட்டு, அதுவும் கூடாதும்மா, உங்க பொண்ணு நல்லதுக்குத்தானேன்னாங்க. புடுங்கிட்டேன்."

அந்த நர்ஸ் சொன்னதைத்தான் அவளும் சொல்லியிருப்பாள். வார்த்தை மாறாமல்.

"அன்னிக்குப் பூரா கேட்டா. அடுத்த நாளும் கேட்டா. அதுக்கு அடுத்த நாள் கேக்கல."

மழை ஜன்னலில் அடித்தது. உருண்டையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். முகம் ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரிப் பைய நான் பிரிக்கவே இல்ல. கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டிருந்தேன். இவன் எப்படியோ இழுத்து... வாசனை தெரிஞ்சிருக்கும்." பிறகு, மிகச் சாதாரணமாக, "இவனுக்குத் தண்ணி எப்பக் குடுப்பீங்க?"

"காலையில ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான். அது நிக்கிற வரைக்கும் வாய் வழியா ஒண்ணும் கூடாதுங்க. ட்ரிப்ஸ்ல போயிக்கிட்டுத்தான் இருக்கு."

"அவளுக்கும் போச்சு. சொட்டு சொட்டா." உருண்டையம்மா எழுந்துகொண்டார். "நாக்குக்குப் போகலையே."

ட்ரிப்ஸ் பற்றிய கவலை அவளுக்கும் இருந்தது, வேறு காரணத்தால். பை சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. அவள் சொட்டை மெதுவாக்கி வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்தால் பை தட்டையாகச் சுருங்கி, குழாயின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். யாரோ வாய் வைத்து உறிஞ்சியதுபோல். இவ்வளவு நீர் ஏறினால் நாய் வீங்க வேண்டும், மூத்திரமாய்ப் போக வேண்டும். இரண்டும் இல்லை. தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. டாக்டர் புருவத்தைச் சுருக்கி ரத்தம் எடுத்து அனுப்பினார். ஊசி குத்திய இடத்தில் வைத்த ஈரப்பஞ்சு, எடுக்கும்போது உதிர்ந்தது.

மேல் அடுக்கில் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது, மூத்திர அடைப்புக்கு வந்தது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டிய பூனை. கிண்ணத்தை அவள்தான் நிரப்புவாள். காலியாகும், நிரப்புவாள். பூனை பரவாயில்லையே என்று மகிழ்ந்திருந்தாள். அன்று பிற்பகல் ஒருமுறை நிரப்பிவிட்டுக் கதவருகில் கையுறை மாற்றிக்கொண்டு நின்றவள் தற்செயலாகத் திரும்பினாள். பூனை கூண்டின் பின்சுவரோடு சுவராக ஒட்டி, முதுகு மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருந்தது. கிண்ணத்தின் பக்கம் யாருமே இல்லை. கிண்ணத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அலையில்லாமல், சத்தமில்லாமல், ஓட்டையில்லாத எவர்சில்வர் கிண்ணத்தில், அடி தெரியும்வரை.

பூனையை முன்னறைக்கு மாற்றினாள். ரேடியோ அண்ணன் கூண்டைத் தூக்க உதவினார். முதல்முறையாக அவர் எதுவும் பேசவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தியதும், உதட்டை நாக்கால் தடவி, "எனக்கு ஏன் சிஸ்டர் அங்க போனா தொண்டை இப்படி ஒட்டுது?" என்றார்.

"மழைக்கு எல்லாருக்கும் தொண்டை கட்டுது அண்ணே."

"கட்டல. ஒட்டுது."

அவளுக்கும் ஒட்டியது. தொட்டிக் குழாயில் கை ஏந்திக் குடித்தாள். குடித்தது தொண்டைக்குப் போனதாகவே தெரியவில்லை. வீட்டுக்குப் போன் செய்தாள். மகள் எடுத்தாள், அவளும் பள்ளிக்கூடம் போகிற வயதுதான், போனில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற வயது.

"என்னம்மா?"

"சும்மாதான். சாப்பிட்டியா?"

"ம்." பிறகு மகள், "ஏம்மா குரல் இப்படி இருக்கு? யாரோ மாதிரி. தண்ணியக் குடி முதல்ல," என்றாள்.

'தண்ணி' என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் ஏன் போனை அவசரமாக வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வேலை வேலைதான். நேரம் ஆகியிருந்தது, வயிற்றைக் கேட்க வேண்டும். கூண்டைத் திறந்து மண்டியிட்டாள். உருண்டை அவள் முழங்கையில் மூக்கை வைத்தது. மூக்கு உப்புத்தாள் போல இருந்தது. ஸ்டெதஸ்கோப்பின் வட்டைத் தையலுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாயின் நெஞ்சு தூரத்தில் படபடத்தது. அதற்குக் கீழே, அந்தப் படபடப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், இன்னொரு மூச்சு. சின்ன மூச்சு. உள்ளே இழுக்கும்போது லேசாகத் தேம்பியது. அழுது அழுது ஓய்ந்த குழந்தை அப்படித்தான் தூங்கும்.

'ச்.'

அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

'ம்மா.'

குடல்தான். காற்றுதான். காற்று நகரும்போது என்னென்னவோ சத்தம் வரும்.

'ம்மா. தண்ணி.'

அவள் எழுந்தபோது தலை கூண்டின் மேல் விளிம்பில் இடித்தது. நெற்றியில் ரத்தம் கசிந்திருக்கும். தொட்டுப் பார்த்தாள். பொருக்கு கட்டியிருந்தது, அதற்குள்.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் என்னவென்று சொல்வது? இரண்டு நாள் லீவு எடுங்க அக்கா என்பார், அதுவும் அன்பாக. மறுநாள் காலை டாக்டரே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் காதிலிருந்து கழற்றி, "ஒண்ணும் கேக்கல. இதுக்குள்ள ஏதாவது கேக்கணுமே," என்றார். ஈறு நிறம் மங்கியிருந்தது. காய்ச்சல் ஏறியிருந்தது. வயிறு பலகையாய் இறுகி, கை வைத்தால் நாய் முனகியது. "தையல் விட்டிருக்கும்னு பயமா இருக்கு அக்கா. சாயங்காலம் திரும்பத் திறந்து பாத்துடலாம். வீட்டுக்குச் சொல்லிடுங்க."

சொன்னாள். உருண்டையம்மா உடனே வந்துவிட்டார். கூண்டின் முன் அதே இடத்தில் உட்கார்ந்தார். அவள் காய்ச்சல் பார்த்தாள், கம்பளியைச் சரிசெய்தாள், காலியான ட்ரிப்ஸ் பையை மாற்றினாள். வயிற்றை மட்டும் கேட்கவில்லை. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதை வெச்சுப் பாக்கலையா?" என்றார் உருண்டையம்மா.

"காலையிலதான் டாக்டர் பாத்தாங்க."

"நீங்க முந்தாநேத்து எல்லாம் மணிக்கொரு தடவை வெச்சீங்கன்னு அந்தத் தொடைக்கிற அண்ணன் சொன்னார்." குரலில் குற்றம் சாட்டுவது இல்லை. "என்ன கேக்குது உங்களுக்கு?"

"குடல் சத்தந்தாங்க. வேறென்ன கேக்கும்."

"உங்க மூஞ்சி பொய் சொல்ல மாட்டேங்குதே சிஸ்டர்."

அவள் எத்தனையோ பேரைச் சமாளித்தவள். கத்தியவர்களை, காலில் விழுந்தவர்களை, டாக்டர் மேல் செருப்பை எறிந்தவரை. ஒன்றுமே கேட்காமல், கம்பியில் விரலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தரை எப்படிச் சமாளிப்பதென்று தெரியவில்லை. டாக்டருக்குக் கேட்காதது இவருக்கும் கேட்காது என்று நினைத்தாள். கேட்காவிட்டால் தன் காதில்தான் கோளாறு. அது எவ்வளவு நல்லது. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி உருண்டையம்மாவின் காதில் மாட்டிவிட்டு, வட்டைப் பிடித்து வயிற்றில் வைத்தாள்.

உருண்டையம்மா கேட்டார். மழைச் சத்தம்கூட ஒதுங்கி நின்ற மாதிரி இருந்தது. அந்த முகத்தில் அவள் எதிர்பார்த்த பயம் வரவே இல்லை. மெல்ல, நெற்றியிலிருந்து கீழே, ஒவ்வொரு சுருக்கமாக அந்த முகம் தளர்ந்தது. கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் குரலை எங்கோ கேட்டுவிட்டவரின் முகம்.

"இந்தா இருக்கேன்டா," என்றார் வயிற்றிடம். "அம்மா இங்கதான் இருக்கேன்."

நாய் நடுங்கியது.

"சிஸ்டர், ஒரே ஒரு ஸ்பூன்."

"கூடாதுங்க."

"ஒரு சொட்டு. நாக்குல மட்டும்."

"தையல் விட்டிருக்கு. சாயங்காலம் திறக்கப் போறாங்க. இப்பக் குடுத்தா உயிருக்கே ஆபத்து." சொல்லச் சொல்லத் தன் குரல் எத்தனை உறுதியாக, எத்தனை பழக்கமாக வருகிறது என்று கவனித்தாள். பிறகு, சொல்ல நினைக்காத ஒன்று தானாக வாயில் வந்தது. "நல்லதுக்குத்தானேம்மா."

உருண்டையம்மா காதிலிருந்து கழற்றி அவளிடம் கொடுத்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அப்போதும் இப்படித்தான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

"சரி," என்றார். "நீங்க சொன்னா சரி."

சாயங்காலம் ஆகவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் விளக்கைப் போட்டு, கருவிகளை வேகவைத்துக்கொண்டிருந்தபோதே முன்னறைக்குக் கேட்கும்படி நாய் ஒருமுறை ஊளையிட்டது. ஓடினாள். உருண்டை கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. எழுந்து நிற்கத் தெம்பே இல்லாத நாய், நான்கு காலையும் அகட்டி, முதுகை வளைத்து, தன் வயிற்றைத் தரையில் படவிடாமல் உயரத் தூக்கிப் பிடித்து நின்றது. அவளைப் பார்த்தது. பிறகு கால்கள் மடங்கின. டாக்டர் வருவதற்குள் அவள் மார்பை அழுத்த ஆரம்பித்திருந்தாள். டாக்டர் ஊசி போட்டார், குழாய் வைத்தார். அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். தொட்டால் சூடாக இருந்த உடம்பில் கைக்கடியில் மெல்லச் சூடு இறங்கியது. "போதும் அக்கா," என்றார் டாக்டர். "போதும். விடுங்க." அவள் தோளைத் தொட்டுவிட்டு, வண்டியில் இருக்கும் உருண்டையம்மாவின் கணவரிடம் தானே சொல்வதாகச் சொல்லி வெளியே போனார். குடை எடுக்கக்கூட மறந்து போனார்.

அவளும் உருண்டையம்மாவும் இருந்தார்கள்.

நாயைக் கூண்டிலிருந்து எடுத்து மேசைமேல் துணி விரித்துக் கிடத்தினாள். காலிலிருந்த ஊசியை உருவினாள். ஒரு துளி ரத்தமும் வரவில்லை. கழுத்துக் கூம்பைக் கழற்றினாள். மூன்று நாளாக அதற்குள் கிடந்த காதுகள் நசுங்கியிருந்தன, அவற்றை நீவிவிட்டாள். உருண்டையம்மா நாயின் தலையைத் தடவினார்.

"இவனையும் நான்தான்," என்றார்.

"இல்லைங்க."

"பாவம். இவன் என்ன பண்ணுவான். அவளைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சான்." ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. "இப்பக் குடுக்கலாமா சிஸ்டர்?"

"என்னது?"

"தண்ணி. இனிமே கூடாதுன்னு சொல்ல ஒண்ணும் இல்லையே."

அவள் வாய் திறப்பதற்குள் உருண்டையம்மா தொட்டிப் பக்கம் போய், பூனை விட்டுப்போன கிண்ணத்தை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் கிண்ணத்தில் விழும் சத்தம் அந்த அறையில் மிகப் பெரியதாகக் கேட்டது. மருந்து கொடுக்கும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு வந்தார். இதை நிறுத்த வேண்டும் என்று அவள் நினைத்தாள். கறாராக அல்ல. அன்பாக. எதுவும் இல்லை என்று காட்டிவிட்டால் போதும்.

"வாங்க, நானே கேட்டுச் சொல்றேன்," என்றாள். ஸ்டெதஸ்கோப்பை மாட்டினாள். நெஞ்சில் வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா. அடங்கிப்போச்சு."

வட்டைக் கீழே நகர்த்தினாள். தையலுக்கு அருகில்.

ஒன்றும் இல்லை. மூச்சு இல்லை. அந்தச் சத்தம் இல்லை. வெறும் வயிறு. செத்துப்போன ஒரு நாயின் வெறும் வயிறு. இன்னும் கேட்டாள். இன்னும். நிஜமாகவே ஒன்றும் இல்லை. மூன்று நாளாக நெஞ்சில் கட்டியிருந்தது அப்படியே உடைந்தது. நாய்க்காக, இந்த அம்மாவுக்காக, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக. கண் நிறைந்தது. ஒரு சொட்டு அவள் மூக்கு நுனியில் தயங்கி, மழித்த தோல்மேல் விழுந்தது.

விழுந்த இடத்தில் இல்லை.

தோல் காய்ந்திருந்தது.

காதுக்குள்:

'ச்.'

அசையாமல் நின்றாள். வெளியே மழை. நெஞ்சு அடங்கிய உடம்பு. கைக்கடியில் சில்லென்ற தோல். அந்தத் தோலுக்குக் கீழே ஒரு விழுங்கல். சின்னத் தொண்டை. ஒரே ஒரு முழுங்கு.

'இன்னும்.'

"என்ன சொல்றா?" என்றார் உருண்டையம்மா. அவர் காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. "தண்ணி கேக்கறாளா?"

கூடாது என்ற சொல் வாய்வரை வந்தது. இத்தனை வருஷம் சொன்ன சொல். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. பிரியவில்லை.

தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

வயிறு அசைந்தது. தையலின் முதல் முடிச்சு தளர்ந்தது. யாரும் தொடவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. நூல் ஒவ்வொன்றாய் நழுவி விழ, வெட்டிச் சேர்த்த தோலின் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று விட்டு மெல்ல விலகின. ரத்தம் இல்லை. நீர் இல்லை. வெடித்து, பொருக்கு ஏறி, தண்ணீர் காணாத இரண்டு உதடுகள்.

உதடுகள் திறந்தன.

கிண்ணத்தைப் பிடித்திருப்பது தன் கைதான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உருண்டையம்மா ஸ்பூனை அதில் முக்கி, அடியில் இன்னொரு கையை ஏந்தி, ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோனார்.

"மெதுவாக் குடி கண்ணு," என்றார். "பொரை ஏறும்."

உதடுகள் ஸ்பூனைக் கவ்விக்கொண்டன.